காதோடு சொன்ன விலை

"எண்பது பெறப்பட்டது. நன்றி" என்றது பெட்டி.

ஒரு கன்னத்தில் நுரையும் மறு கன்னத்தில் பளபளப்புமாக நாற்காலியில் சாய்ந்திருந்த மளிகைக்காரர் கண்ணைத் திறந்தார். பணத்தைப் போனில் அனுப்பிவிட்டு லாரிக்காரர் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார். மளிகைக்காரர் கண்ணாடி வழியாக அந்த முதுகையே பார்த்தார்.

"எம்பதா?"

"அசையாதீங்க. கத்தி கழுத்துல இருக்கு" என்றார் சலூன்காரர்.

"அவருக்கும் முடி, ஷேவு. எனக்கும் முடி, ஷேவு. அவருக்கு எம்பது. எனக்கு மட்டும் ஏன்யா நூத்தியெம்பது?"

"உங்களுக்குத் தாடை பெருசு."

"நூறுக்கா பெருசு?"

பெஞ்சில் காத்திருந்த வங்கி அதிகாரி பேப்பரை இறக்கினார். அவருக்கு இருநூறு. அவர் தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

போனில் பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்லும் அந்தப் பெட்டியைச் சலூன்காரர் முறைத்தார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அன்று காலையில்தான் மச்சினன் அதைக் கொண்டுவந்து படிகாரக் கட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தான். வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பதினோரு வருஷத்து ரகசியத்தைத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி போட்டு உடைத்துவிட்டது.

அந்தக் கடையில் விலைப்பலகை கிடையாது. வேலை முடிந்து, பின்கழுத்தில் ஒட்டியிருக்கும் முடியைப் பவுடர் பிரஷால் தட்டிவிடும்போது சலூன்காரர் குனிந்து, அந்தத் தலைக்குரிய விலையை அந்தக் காதில் மட்டும் சொல்வார். தலைக்குச் சொந்தக்காரர் எழுந்து, மடித்த நோட்டை அவர் உள்ளங்கையில் அழுத்திவிட்டுப் போவார். பெஞ்சில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல நடக்கும்.

விலை முடியின் நீளத்தைப் பொறுத்ததல்ல, சலூன்காரரின் கோபத்தைப் பொறுத்தது. மளிகைக்காரர் சர்க்கரையில் எடை குறைத்த வாரம் அவருடைய விலை நூற்றைம்பது ஆனது. எண்ணெயில் கலப்படம் செய்த வாரம் நூற்றெண்பது. கவுன்டரில் ஆட்களை நிற்க வைத்துவிட்டுப் போனில் சிரித்துப் பேசும் வங்கி அதிகாரிக்கு இருநூறு. தூக்கம் கெட்டு வண்டி ஓட்டி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கும் லாரிக்காரருக்கு எண்பது. மூட்டை தூக்குகிறவர்களுக்கு நாற்பது. ஊரில் நடக்கிற அநியாயத்துக்கெல்லாம் அந்தப் பத்தடிக் கடையில் அபராதம் உண்டு. யார் எவ்வளவு கட்டினார்கள் என்று நோட்டு யாரிடமும் போய்ச் சொல்லாது என்பதால்தான் அத்தனையும் நடந்தது.

இப்போது காசுக்கு வாய் முளைத்துவிட்டது. அதுவும் மரியாதையாக, நன்றி சொல்கிற வாய்.

மளிகைக்காரர் மீதிக் கன்னத்தையும் மழித்துக்கொண்டு எழுந்தார். சலூன்காரர் பிரஷோடு காதருகே குனிவதற்குள் போனை எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்த ஸ்கேன் கட்டத்துக்கு நேராகப் பிடித்து, தானே ஒரு தொகையைத் தட்டினார்.

"எண்பது பெறப்பட்டது. நன்றி."

"யாரைக் கேட்டுய்யா எம்பது போட்டீங்க?"

"உன் பெட்டியைக் கேட்டுதான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அடுத்து உட்கார்ந்த வங்கி அதிகாரியும் எண்பதைத்தான் போட்டார். போட்டுவிட்டுப் போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டே போனார். மாலைக்குள் தெரு முழுக்க எண்பது என்று பரவிவிட்டது.

சலூன்காரருக்குக் கோபம் மூக்கின் மேலேயே குடியிருக்கும். கோபம்தான் தன் வாழ்க்கையைக் காப்பாற்றுகிறது என்பது அவருடைய தீர்மானம். அதற்குச் சாட்சியாகக் கடை வாடகையைச் சொல்வார். பக்கத்தில் போன் ரிப்பேர்க் கடைக்காரர் இதே அளவு கடைக்கு மாதம் ஒன்பதாயிரம் தருகிறார், இவருக்கு மூவாயிரம்தான். முதல் வருஷம் வாடகை வசூல்காரர் வந்தபோது இவர் கத்திய கத்தலில் அந்த ஆள் ரசீதுப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டார். அதற்குப் பிறகு வாடகை ஏறவே இல்லை. கூரை ஒழுகுகிறது என்று ஒருமுறை கத்தினார்; ஒரே வாரத்தில் ஆட்கள் வந்து பூசிவிட்டுப் போனார்கள். "வாயில்லாத ஆளு ஒம்பதாயிரம் குடுப்பான். எங்கிட்ட எவனாவது கேக்கட்டும் பாப்போம்" என்பார். கட்டடத்தின் சொந்தக்காரர் யாரென்றுகூட அவருக்குத் தெரியாது. முதல் தேதி வசூல்காரர் கையில் நோட்டைத் திணிப்பதோடு சரி.

அவர் கோபப்படாத ஆள் உலகத்தில் ஒரே ஒருவர்தான். வெள்ளிக்கிழமைப் பெரியவர்.

கடை திறந்த முதல் நாளின் முதல் தலை அவருடையது. சட்டைக் காலர் நைந்து நூல் தொங்கும். செருப்பில் இரண்டு ஒட்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை பத்து மணிக்கு வருவார். அந்த அரை மணி நேரம் சலூன்காரர் வேறு யாரையும் உள்ளே விடுவதில்லை. வேலை முடிந்ததும் "இருபது" என்று காதோடு சொல்வார். பெரியவர் இரண்டு பத்தை நீட்டிவிட்டு, வாரம் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்.

"எல்லாருக்கும் இதேதானே?"

"எல்லாருக்கும் இதேதான் ஐயா."

பெரியவர் "ச்சு" என்று நாக்கைத் தட்டிக்கொண்டு, கூரையையும் சுவரையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவார். போக்கிடம் இல்லாத மனுஷன், கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று சலூன்காரர் விட்டுவிடுவார்.

பெரியவருக்கு ரோஷம் அதிகம். ஒருமுறை மருந்துக்கடையில் "சில்லறை இல்லன்னா பரவாயில்ல, போங்க பெரியவரே" என்று சொன்னதற்காக மாத்திரையை மேஜைமேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தவர், அதற்குப் பிறகு அந்தக் கடைப் படியை மிதிக்கவில்லை. தனக்கு மட்டும் இருபது என்று தெரிந்தால் இங்கேயும் அதுதான் நடக்கும். பதினோரு வருஷத்தில் சலூன்காரர் செய்த உருப்படியான காரியம் அந்த இருபதுதான். அது அவருக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது.

மச்சினன் பணம் அனுப்பும் கம்பெனி ஒன்றில் ஏஜென்ட். கழுத்தில் நாடா கட்டி அட்டை தொங்கவிட்டிருப்பான். சாப்பிடும்போதும் கழற்ற மாட்டான். "இப்ப யாரு மாமா நோட்டு வச்சிருக்கா?" என்று அவன்தான் முதலில் சுவரில் அந்தக் கட்டத்தை ஒட்டினான். ஈரக்கையோடு போனைத் தொட்டுப் பார்க்க முடியாமல் மாமா திட்டியதும், அவன்தான் பெட்டியைக் கொண்டுவந்தான்.

"எடுத்துட்டுப் போடா இதை."

"திருப்பித் தந்தா எனக்குக் கமிஷன் வெட்டிருவாங்க மாமா. சத்தத்தைக் குறைச்சுடலாம்."

குறைத்தான். அதற்குக் கீழே குறையாது என்கிற இடத்திலும் பெட்டி தெருமுனை வரை கேட்டது. ஆகவே செவ்வாய்க்கிழமை அதை இரண்டு துண்டில் சுற்றி, கத்தரிக்கோல் இழுப்பறைக்குள் போட்டு மூடினார்கள்.

இப்போது பெட்டி பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. சலூன்காரருக்கும் கேட்கவில்லை. ஒவ்வொரு தலை முடிந்ததும் அவர் குனிந்து இழுப்பறையில் காதை வைக்க வேண்டியிருந்தது. அவர் மேஜைக்கு ரகசியம் சொல்கிறார் என்று நினைத்து ஒருவர் வெட்டிக்கொள்ளாமலே எழுந்து போய்விட்டார்.

மதியம் டை கட்டிய விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வந்தார். "நூத்தம்பது" என்று காதில் வாங்கிக்கொண்டு, போனைத் தட்டி, "போட்டாச்சு" என்று கிளம்பினார். சலூன்காரர் இழுப்பறையில் காதை வைத்தார். சத்தமே இல்லை. இழுப்பறையைத் திறந்து, துண்டைப் பிரித்து, பெட்டியைக் கன்னத்தோடு அழுத்திப் பார்த்தார். அப்போதும் இல்லை.

"டேய், நில்லுடா!"

அவர் பாய்ந்து தெருவில் இறங்கினார். இடது கையில் பெட்டி. வலது கையில் சவரக்கத்தி இருந்ததை மறந்துவிட்டார். டை கட்டியவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஓட ஆரம்பித்தார். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் கலைந்து ஓடினார்கள். ஒரு பெண்மணி, வந்து நின்ற பஸ்ஸில் எந்த பஸ் என்று பார்க்காமலே ஏறிவிட்டாள். கம்பத்தோடு கம்பமாக ஒட்டிக்கொண்ட டைக்காரரின் முன்னால் போய் நின்று சலூன்காரர் மூச்சு வாங்கினார்.

"எங்கடா என் காசு?"

டைக்காரர் வாயைத் திறப்பதற்குள், கையிலிருந்த பெட்டி நிதானமாகச் சொன்னது: "நூற்றைம்பது பெறப்பட்டது. நன்றி."

"கொஞ்சம் லேட்டா வரும்... சிக்னல்..." என்றார் டைக்காரர் அழாக்குறையாக.

நோட்டாக இருந்தால் கையில் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. கொடுத்தவரிடமும் இல்லாமல் வாங்கியவரிடமும் இல்லாமல் நடுவழியில் நின்று மூச்சுவாங்கும் காசை சலூன்காரர் அன்றுதான் கண்டார். பஸ் நிறுத்தம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த வார்த்தையை வெளியே எடுக்க அவர் பட்ட பாடு பல் பிடுங்குவது போல இருந்தது. கடைக்குத் திரும்பியதும் மச்சினனைப் போனில் பிடித்து அரை மணி நேரம் திட்டினார்.

மச்சினனுக்கு அடுத்த யோசனை தயாராக இருந்தது.

"பெட்டியை உங்க வீட்ல வச்சுடலாம் மாமா. அது எங்க இருந்தாலும் கத்தும். அக்கா கேட்டுட்டு உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லட்டும். கடையில யாருக்கும் தெரியாது, உங்களுக்கு மட்டும் தெரியும்."

புதன்கிழமை பெட்டி வீட்டுக்குப் போனது. வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. முதல் மூன்று மணி நேரம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பதினோரு மணிக்கு மனைவியின் குரல் மாறியது.

"என்னங்க, இப்ப நாப்பது வந்துச்சு."

"சரி, வை."

"அதுக்கு முன்னாடி இருநூறு."

"சரி, வையேன்."

"வைக்கிறேன். இதோட பன்னெண்டு தடவை கத்திடுச்சு. மணி பதினொண்ணுதான் ஆகுது. தினம் சாயங்காலம் வந்து 'இன்னைக்கு மொத்தமே ஆறு தலை, அதுல ஒண்ணு சொட்டை'ன்னு சொல்வீங்களே, அது எந்தக் கடையில?"

சலூன்காரர் பதில் சொல்வதற்குப் பதிலாக, நாற்காலியில் இருந்தவரின் காதை லேசாக வெட்டிவிட்டார்.

பத்து நிமிஷத்தில் மனைவி பெட்டியும் கையுமாகக் கடைக்கே வந்துவிட்டாள். இருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்கள். அவள் நேராகப் போய்ப் பெரிய பவுடர் டப்பாவைத் திறந்தாள். அதில் பவுடர் இல்லை. ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக் கட்டு இருந்தது.

"இது என்ன?"

"நாற்காலிக்கு. ஏத்தி இறக்குற நாற்காலி, காலால அமுக்கினா..."

"மூணு வருஷமா துணி துவைக்க மெஷின் கேக்குறேன். 'காசு எங்கடி இருக்கு, காசு மரத்துலயா காய்க்குது'ன்னீங்க. இங்க டப்பாவுல காய்ச்சிருக்கு."

"நான் சொல்றதைக் கேளு..."

"பதினோரு வருஷமா நீங்க சொல்றதைத்தான் கேட்டேன். இந்தப் பெட்டி மூணு மணி நேரத்துல சொன்ன உண்மையை நீங்க ஒருநாளும் சொல்லலை."

அவர் கோபமெல்லாம் அவளிடம் செல்லுபடியாகாது. அவளுக்கு அதைவிடப் பெரிய கோபம் வரும். அவள் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் கட்டைவிரலால் நாலு தட்டு தட்டினான். கடையின் பணமெல்லாம் அந்த நிமிஷத்திலிருந்து அவள் கணக்கில் போய் விழ ஆரம்பித்தது. சலூன்காரர் பிளேடு வாங்கக்கூட வீட்டுக்குப் போன் போட வேண்டிய ஆளானார்.

"இன்னொண்ணு" என்றாள் அவள். "நாப்பது, எம்பது, இருநூறுன்னு என்ன இது? ஒரே விலை வைங்க."

"எல்லாரும் ஒண்ணா? அவனவன் பண்ற அநியாயம் ஒண்ணா?"

"நீங்க முடி வெட்டுறீங்களா, தீர்ப்பு சொல்றீங்களா?"

"வெள்ளிக்கிழமைப் பெரியவர் இருக்காரும்மா. அவருக்கு இருபதுதான். பாவம், அவர் எங்க போவாரு?"

"நூத்தியிருபது குடுக்கட்டும். இல்லன்னா தாடி வளக்கட்டும்."

வியாழக்கிழமை காலை கடை திறக்கும்போதே மச்சினன் பலகையோடு நின்றான். மஞ்சள் நிறத்தில், இருட்டிலும் மின்னும் எழுத்து: அனைவருக்கும் ஒரே விலை 120. நாற்காலிக்கு நேர் எதிரே, கண்ணாடிக்கு மேலே வைத்து நாலு மூலையிலும் திருகாணி முடுக்கினான். மறுபடி கழற்ற முடியாதபடி திருகாணிகளின் தலையையும் மழுக்கிவிட்டான். "அக்கா சொன்னாங்க மாமா" என்றான். பெட்டி பழையபடி படிகாரக் கட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அதை அணைக்க ஒரு பட்டன் உண்டு. அணைத்தால் மனைவியின் போனுக்குச் செய்தி போகும்.

அன்று காலை மூட்டை தூக்கும் மூன்று பேர் வந்தார்கள். பலகையைப் படித்தார்கள். அதில் ஒருவர் சும்மா வந்தது போல கண்ணாடியில் தலையைக் கோதிக்கொண்டு, "அப்புறம் வரேண்ணே" என்றார். மூவரும் போனார்கள். சலூன்காரருக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. வங்கி அதிகாரி எண்பது மிச்சம் என்று இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். மளிகைக்காரர் திங்கட்கிழமைதான் வெட்டிக்கொண்டவர். நூற்றெண்பதை நூற்றிருபது ஆக்கிய சந்தோஷத்தில், தெரு முழுக்கச் சொல்லிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். அவர் தலையில் வெட்ட எதுவுமே இல்லை. சலூன்காரர் வெறும் காற்றைக் கத்தரித்தார். ஊரிலுள்ள அயோக்கியனுக்கெல்லாம் தள்ளுபடி கொடுத்துவிட்டு, உழைக்கிறவனைப் படியிலிருந்தே துரத்துகிறோமே என்று வயிறு எரிந்தது.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே கடையைத் திறந்தார்.

பலகையைக் கழற்றப் பார்த்தார். திருப்புளி வெறுமனே சுற்றியது. கடைசியில் கண்ணாடிக்கு மேலே குறுக்காக ஒரு கயிறு கட்டி, துவைத்த துண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டார். பலகை மறைந்தது. வாசலில் ஒட்டியிருந்த கட்டத்தின் மேலும், உள்ளே ஒட்டியிருந்ததன் மேலும் பேப்பரை ஒட்டி, "பத்து முதல் பத்தரை வரை யாரும் பணம் அனுப்பக் கூடாது" என்று எழுதினார். ஒரு கடைக்காரன் தன் கையாலேயே இப்படி எழுத வேண்டி வந்ததை நினைத்துப் பேனாவைத் தெருவில் வீசினார்.

பத்து மணிக்குப் பெரியவர் வந்தார்.

"என்னப்பா, கடைக்குள்ள துணி காயப் போட்டிருக்கே?"

"வெளியில தூசி ஐயா. உக்காருங்க."

துணியைப் போர்த்தி, நுரை தேய்த்து, புதுப் பிளேடை மாட்டினார். ஒரு கன்னம் முடிந்தது. சலூன்காரர் மூச்சை விட்டார்.

பணம் வர ஆள் வர வேண்டியதில்லை என்பதை அவர் மறந்திருந்தார். பக்கத்துக் கடையில் போன் ரிப்பேர்க்காரர், நேற்று சிக்னல் இல்லாமல் நின்றுபோன தொகையைத் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அனுப்பினார்.

"நூற்று இருபது பெறப்பட்டது. நன்றி."

"என்ன அது?" என்றார் பெரியவர்.

"ரேடியோ ஐயா. பக்கத்துக் கடையில."

"ரேடியோ நன்றி சொல்லுமா?"

"இப்பல்லாம் சொல்லுது ஐயா."

பெரியவர் கண்ணை மூடினார். சலூன்காரர் கத்தியை வைத்தார். காலையிலிருந்து அந்த ஒரு தொகை மட்டுமே கணக்கில் விழுந்திருந்ததால் வீட்டில் மனைவிக்குச் சந்தேகம் வந்திருந்தது. பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, அவள் தம்பியின் போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பினாள்.

"ஒன்று பெறப்பட்டது. நன்றி."

உடனே ஒரு தலைக்குரிய நூற்றிருபதையும் அனுப்பிப் பார்த்தாள்.

"நூற்று இருபது பெறப்பட்டது. நன்றி."

பெரியவர் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். சலூன்காரர் அவசரமாக முடி உலர்த்தும் மெஷினை எடுத்து முழு வேகத்தில் ஓடவிட்டார். ஷேவுக்கு நடுவில் எதற்கு அது என்று பெரியவர் கத்திக் கேட்டார். காது கேட்காதவர் போல சலூன்காரர் அதைப் பெட்டியின் பக்கம் கொண்டுபோக இழுத்தார். அதன் ஒயர் கயிற்றில் மாட்டியது. இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

கயிறு அறுந்தது. துண்டுகள் மொத்தமாகப் பெரியவர் மடியில் விழுந்தன.

எதிரே மஞ்சள் பலகை மின்னியது. பெரியவர் அதை மெதுவாக, எழுத்தெழுத்தாகப் படித்தார். சலூன்காரர் மெஷினை அணைத்தார்.

"எல்லாருக்கும் இதேதானே?" என்றார் பெரியவர்.

"ஐயா, இது நேத்து மாட்டினது..."

"நேத்துக்கு முன்னாடி?"

சலூன்காரர் விழுந்த துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தார்.

"சொல்லுய்யா. மத்தவங்களுக்கு எவ்வளவு?"

"எம்பது... நூத்தம்பது... ஆளைப் பொறுத்து..."

"ஆளைப் பொறுத்தா? அப்ப என்னைப் பாத்தா உனக்கு என்ன தோணுச்சு? பதினோரு வருஷமா நான் வாரா வாரம் வாயைத் திறந்து கேட்டேனே, மூஞ்சியைப் பாத்துப் பொய் சொன்னியே. உன்னைப் பத்தி நான் என்னவெல்லாம் நெனச்சிட்டிருந்தேன்!"

"ஐயா, மரியாதையிலதான்..."

"மரியாதையா? எனக்குப் பிச்சை போட்டுட்டு மரியாதைங்கிறியா?"

அவர் போர்வையை உருவி எறிந்தார். சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக நீவி, நூற்றிருபதை மேஜைமேல் வைத்தார். ஒரு கன்னத்து நுரையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, அந்தக் கன்னத்துத் தாடி அப்படியே இருக்க, படியிறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

சலூன்காரர் அந்த நோட்டுகளைத் தொடவில்லை. அப்புறம் அவருக்குத் தெரிந்த ஒரே வழி கோபம் என்பதால் பெட்டியைத் தூக்கினார். கத்தி கழுவும் வாளியில், நுரையும் முடியுமாக மிதந்த தண்ணீரில், அதை முக்கி அமுக்கிப் பிடித்தார். குமிழி குமிழியாக வந்தது.

"ந...ன்..." என்றது பெட்டி. அதோடு சரி.

அன்று முதல் தேதி. மாலை மூன்று மணிக்கு வாடகை வசூல்காரர் வந்தார். இந்த முறை கையில் ரசீதுப் புத்தகம் இல்லை. கட்டம் அச்சடித்த ஒரு அட்டையும் ஒரு சீட்டும் இருந்தன.

"இனிமே நோட்டு வேண்டாமாம். இதுல நேரா ஓனருக்கே போட்டுடச் சொல்லிட்டாரு. அப்புறம் வாடகை..." என்று சீட்டை நீட்டியவர், ஓட வசதியாக வாசலை ஒட்டி நின்றுகொண்டார்.

சீட்டில் ஒன்பதாயிரம் என்று இருந்தது.

"என்னய்யா இது!" சலூன்காரர் போட்ட சத்தத்தில் போன் ரிப்பேர்க்காரர் எட்டிப் பார்த்தார். "பதினோரு வருஷமா மூவாயிரம்! நான் கத்துனதுக்குப் பயந்துதானே ஏத்தாம இருந்தீங்க? இப்ப எங்க இருந்துய்யா தைரியம் வந்துச்சு? உன் ஓனரை வரச் சொல்லு. எவன்யா அவன்? அவன் மூஞ்சியை நான் பாக்கணும்!"

"ஸ்கேன் பண்ணுங்க. தெரியும்."

சலூன்காரர் ஆத்திரத்தோடு போனை அட்டைக்கு நேராகப் பிடித்தார். அவர் கணக்கில் காசு இல்லை. ஆனாலும் பணம் வாங்கப்போகிறவரின் புகைப்படம் திரையில் வந்தது. முதலில் அவருக்குத் தெரிந்தது தன் கை வேலைதான். காதோரம் அப்படி நேராக இறக்கி வெட்ட அந்தத் தெருவில் வேறு ஆள் கிடையாது. அப்புறம் நூல் தொங்கும் காலரைப் பார்த்தார்.

போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

வசூல்காரர் ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டு சொன்னார்: "அவருதாங்க ஓனர். 'தலைக்கு இருபது வாங்கிக்கிட்டு அந்த மனுஷன் எப்படிப் பொழைக்கிறாரோ, பாவம். ரோஷக்காரரு வேற. அவர்கிட்ட மட்டும் மூவாயிரத்துக்கு மேல கேக்காதே, எல்லாக் கடைக்கும் இதேதான்னு சொல்லிடு'ன்னு இத்தனை வருஷமா என்னைப் பொய் சொல்ல வச்சவரு, இன்னைக்குக் காலையில பாதித் தாடியோட வந்து ஒம்பதாயிரம்னு எழுதச் சொல்லிட்டாரு."